ஆற்றுணா

வகுப்பில் பாடம் நடத்தும் ஆசிரியர் சில சொற்களை எளிதில் கடந்துவிடுவதுண்டு. கரும்பலகையில் எழுதியாயிற்று, பொருள் சொல்லியாயிற்று, தேர்விலும் கேட்டாயிற்று. அத்துடன் அச்சொல்லுக்கும் நமக்கும் உள்ள தொடர்பு முடிந்தது என்று எண்ணிவிடுகிறோம். அப்படி நான் கடந்து சென்ற ஒரு சொல், 2018ஆம் ஆண்டில், லங்காவித் தீவின் சாலையோரத்தில், வெயிலில் எழ முடியாமல் உட்கார்ந்திருந்த என்னைத் தேடி வந்தது. அச்சொல் ‘ஆற்றுணா’ என்பதாகும்.

ஆறு என்பது வழி. உணா என்பது உணவு. வழிப்போக்கன் தன்னுடன் கட்டி எடுத்துச் செல்லும் உணவே ஆற்றுணா. பேச்சு வழக்கில் அதனைக் கட்டுச்சோறு என்கிறோம். பழமொழி நானூற்றில் இச்சொல் வருகிறது. கற்றவர்க்கு எந்த நாடும் தம் நாடே. ஆதலால் அவர்கள் எங்குச் சென்றாலும் ஆற்றுணா கொண்டு செல்ல வேண்டியதில்லை என்பது அப்பாடலின் கருத்து. கல்வியின் சிறப்பை விளக்க இதனினும் நல்ல சான்று வேண்டுமோ என்று இருபது ஆண்டுகளுக்கு மேலாக மாணவரிடம் பெருமிதத்தோடு பேசி வந்தேன். கல்வியைப் பற்றித்தான் பேசினேனே தவிர, அந்தச் சோற்று மூட்டையைப் பற்றி ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

தமிழாசிரியன் ஒருவனுக்கு லங்காவிச் சாலையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நாற்பத்து நான்காம் வயதில் மருத்துவர் என் இரத்தத்தில் சர்க்கரை ஏறத் தொடங்கியிருப்பதைக் காட்டி எச்சரித்தார். நடக்கத் தொடங்கினேன். நடை ஓட்டமாயிற்று. முழங்கால் வலித்தபோது மிதிவண்டி வாங்கினேன். வலி மிகுந்த நாள்களில் நீச்சல் குளத்துக்குச் சென்றேன். மூன்றும் கைவந்தபின், மூன்றையும் ஒரே நாளில் செய்யும் போட்டியும் உண்டு என்று நண்பர் ஒருவர் சொன்னார். அவ்வளவுதான், ஆசை பிறந்துவிட்டது.

நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவிடாது ஒன்றன்பின் ஒன்றாக முடிக்கும் இம்மூவினைப் போட்டியை ‘டிரையத்லான்’ என்பர். அவற்றுள் நெடியதாகப் பெயர்பெற்றது ‘அயன்மேன்’. கடலில் 3.8 கிலோமீட்டர் நீந்தி, கரையேறி 180 கிலோமீட்டர் மிதிவண்டி ஓட்டி, அதன்பின் 42.2 கிலோமீட்டர் ஓடி முடிக்க வேண்டும். நம் நாட்டில் இப்போட்டி 2000ஆம் ஆண்டில் லங்காவியில் தொடங்கியது. 2010க்குப் பின் சில ஆண்டுகள் நின்று, 2014இல் மீண்டும் நடைபெறத் தொடங்கியது.

இதைக் கேள்வியுறுவோர் உடல்வலிமையைத்தான் வியக்கின்றனர். நானும் அவ்வாறே எண்ணினேன். ஆனால் இப்போட்டியின் வரலாறே வேறொரு பாடத்தைச் சொல்கிறது. 1978ஆம் ஆண்டில் ஹவாயின் ஒவாகு தீவில் முதல் போட்டி நடந்தபோது புறப்பட்டவர்கள் 15 பேர். முடித்தவர்கள் 12 பேர். வழியில் உணவும் நீரும் தர இன்றுள்ளதுபோல் நிலையங்கள் அன்று இல்லை. ஒவ்வொருவரும் தமக்குரிய உணவையும் துணையாள்களையும் தாமே கொண்டுவர வேண்டும். முன்னணியில் இருந்த ஜான் டன்பார் என்பவரின் துணையாள்களிடம் ஓட்டத்தின்போது தண்ணீர் தீர்ந்துவிட்டது. கையில் இருந்தது பீர் மட்டுமே, அதையே கொடுத்தார்கள். அவர் தள்ளாட, பின்னால் வந்த கார்டன் ஹாலர் முந்திச் சென்று வென்றார். முதல் அயன்மேன் போட்டியின் முடிவிலேயே ஒரு தண்ணீர்ப் போத்தலுக்குப் பங்கு இருந்தது.

1982இல் மாணவியான ஜூலி மாஸ், பெண்களில் முதலாவதாக ஓடி வந்தவர், முடிவுக் கோட்டுக்கு அருகில் சுருண்டு விழுந்தார். எழுந்தார், மீண்டும் விழுந்தார். இறுதியில் கைகளை ஊன்றித் தவழ்ந்தே கோட்டைத் தொட்டார். அதற்குள் கேத்லீன் மெக்கார்ட்னி அவரைக் கடந்து முதலிடம் பெற்றிருந்தார். இருவருக்கும் இடைவெளி 29 நொடிகள். அக்காட்சியைத் தொலைக்காட்சியில் கண்டோர் அவருடைய மனவுறுதியைப் போற்றினர். போற்றுதற்கு உரியதுதான். ஆனால் நீரும் சத்தும் வற்றிவிட்ட உடலுக்கு மனவுறுதி சில அடிகளையே வாங்கித் தர முடியும் என்பதையும் அக்காட்சி சொல்கிறது.

இக்கதைகளையெல்லாம் படித்திருந்தும் நான் கற்கவில்லை. படிப்பது வேறு, கற்பது வேறு என்று மாணவருக்குச் சொல்பவன் நான்!

மூவினைப் போட்டிக்குரிய மிதிவண்டி நாம் தோட்டத்தில் கண்ட மிதிவண்டி அன்று. வேகமாகச் செல்பவனுக்குப் பெரும் பகை காற்று. ஆகவே கைப்பிடியின் நடுவே இரண்டு நீட்டுக் கம்பிகளைப் பொருத்தி, முழங்கைகளை அவற்றின் தாங்கிகளில் ஊன்றி, முதுகைத் தாழ்த்திக் காற்றைக் கிழித்துச் செல்வர். மூவினை வீரர்கள் கையாண்டு வந்த இக்கம்பிகளை 1989ஆம் ஆண்டில் கிரெக் லெமாண்ட் பிரான்சு நாட்டின் சுற்றுப் பந்தயத்தில் பயன்படுத்தி, மூன்று வார ஓட்டத்துக்குப் பின் 8 நொடிகளில் வெற்றி பெற்றார். அதன்பின் அவற்றின் பெருமை உலகறிந்தது.

குனிந்த அந்நிலையைக் கலைக்காமல் உண்பதும் பருகுவதும் எப்படி? இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. சட்டத்தின் கீழ்க்கம்பியில் போத்தலைச் செருகினால், எடுக்கும்போதெல்லாம் ஒரு கையை விட்டுக் குனிய வேண்டும். இரண்டு முன்கைகளுக்கும் இடையில் போத்தலைக் கிடத்தி, உறிஞ்சுகுழலை வாய்க்கு நேரே நிறுத்துவது ஒரு முறை. இருக்கைக்குப் பின்னால் இரண்டு போத்தல்களைச் சாய்த்துச் செருகுவது இன்னொரு முறை. மேல்கம்பியின் மீது, கைப்பிடிக்கு அருகில், சிறு பெட்டி ஒன்றைக் கட்டி அதில் தின்பண்டம் வைப்பதும் உண்டு. சப்பானியர் உணவு கட்டிச் செல்லும் பெட்டியின் பெயரால் இதனைப் ‘பென்டோ பெட்டி’ என்றே அழைக்கின்றனர். பல்லாயிரம் ரிங்கிட் விலையுள்ள வண்டியின் நெற்றியிலும் இறுதியில் ஒரு சோற்றுப் பெட்டிதான் குந்தியிருக்கிறது.

எதை எங்கே வைப்பது என்பதற்கு முன், எவ்வளவு வைப்பது என்ற கணக்கு இருக்கிறது. நம் உடலின் தசையிலும் ஈரலிலும் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஏறத்தாழ 400 முதல் 500 கிராம். இடைவிடாத உழைப்பில் அது சில மணி நேரத்தில் கரைந்துவிடும். கொழுப்பு எவ்வளவு இருந்தாலும் அது மெதுவாகவே எரியும். வேகத்துக்கு மாவுச்சத்து வேண்டும். எனவே வழியில் உண்டாக வேண்டும். ஆனால் குடல் நினைத்த அளவெல்லாம் ஏற்பதில்லை. குளுக்கோசு மட்டுமானால் மணிக்கு 60 கிராம் அளவே உள்ளே செல்லும். பழச்சர்க்கரையும் கலந்து கொடுத்துப் பழக்கினால் 90 கிராம் வரை ஏற்பவரும் உண்டு. என்னைப் போன்றவன் 180 கிலோமீட்டரைக் கடக்க ஏழு மணி நேரம் ஆகும். மணிக்கு 60 வீதம் 420 கிராம். பிழிந்து உண்ணும் பாகுப் பொட்டலம் ஒன்றில் ஏறத்தாழ 25 கிராம் உண்டு; அதை மட்டுமே நம்பினால் 17 பொட்டலங்கள் வேண்டும்!

நீரின் கணக்கு இன்னும் கடினம். நம் நாட்டு வெயிலில் மணிக்கு ஒரு லிட்டருக்கும் மேல் வியர்வை வெளியேறுவது இயல்பு. அவ்வளவையும் சுமக்க எவராலும் முடியாது. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை. எனவே ஒன்றரை, இரண்டு லிட்டர் எடுத்துக்கொண்டு, வழியிலுள்ள நிலையங்களில் நிரப்பிக்கொள்வர். வெறும் தண்ணீரையே அளவின்றிக் குடிப்பதும் தீங்கு. வியர்வையோடு உப்பும் போகிறது. உப்பில்லா நீர் மிகுந்தால் இரத்தத்தில் உப்பின் அடர்த்தி குறைந்து, மூளை வீங்கி, உயிருக்கே இறுதியாகலாம். குறைந்தாலும் தீது, மிகுந்தாலும் தீது.

இக்கணக்கையெல்லாம் தாளில் அழகாக எழுதி வைத்திருந்தேன். 2018ஆம் ஆண்டுப் போட்டிக்கு என் ஏற்பாடு இது: நான்கு மணி நேரத்துக்குரிய சர்க்கரை மாவை ஒரே போத்தலில் கெட்டியாகக் கரைத்துக்கொண்டேன். அதையும் ஒரு தண்ணீர்ப் போத்தலையும் இருக்கைக்குப் பின்னால் செருகினேன். படங்களில் காணும் முதல்தர வீரர்களின் வண்டி அப்படித்தான் இருந்தது. முன்பெட்டியில் நான்கு பாகுப் பொட்டலங்கள். வண்டியைத் துடைத்து நிறுத்தி, படம் எடுத்து, நண்பர்களுக்கு அனுப்பிவிட்டு உறங்கினேன்.

நீச்சலை முடித்து வண்டியேறியபோது மனம் பறந்தது. பதினைந்து கிலோமீட்டர் அளவில் சாலையில் ஒரு மேடு பள்ளம். வண்டி குலுங்கியது, நான் பொருட்படுத்தவில்லை. அரை மணி கழித்துப் பின்னால் கையை விட்டுத் துழாவினேன். இரண்டு கூடுகளும் வெறுமையாக இருந்தன. நான்கு மணி நேர உணவு சாலையோரப் புல்லில் எங்கோ கிடந்தது. பின்னால் வைத்த பொருள் விழுவதைக் கண் காண்பதில்லை. காற்றின் இரைச்சலில் காதும் கேட்பதில்லை.

அப்போதும் நிலைமை கைமீறவில்லை. அடுத்த நிலையத்தில் வாழைப்பழமும் உப்புச்சத்துப் பானமும் கொடுத்தார்கள். ஆனால் எனக்குப் பசி இல்லை. பசியாதபோது ஏன் உண்ண வேண்டும்? தண்ணீர் மட்டும் வாங்கிக்கொண்டு விரைந்தேன். அதற்கடுத்த நிலையத்திலும் அப்படியே. முன்பெட்டியிலிருந்த பொட்டலங்களில் இரண்டை உண்டேன். மூன்றாவது தித்திப்புத் தொண்டையில் நின்று குமட்டியது.

நூற்றிருபது கிலோமீட்டரைத் தாண்டியபின் கைகள் நடுங்கத் தொடங்கின. எளிய கூட்டல் கணக்கும் வரவில்லை. சாலையின் வெண்கோடு இரண்டாகத் தெரிந்தது. காரணமின்றி அழுகை வந்தது. ஒரு சிறு ஏற்றத்தில் வண்டியைச் சாய்த்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்தேன். எழ முடியவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கடந்து சென்றார்கள். அப்போதுதான் அச்சொல் வந்தது. கற்றவனுக்கு ஆற்றுணா வேண்டாம் என்று கற்பித்தவன் ஆற்றுணா இன்றி உட்கார்ந்திருக்கிறான். சிரிக்க வேண்டும்போல் இருந்தது, சிரிக்கவும் வலுவில்லை. போட்டிக் குழுவினரின் ஊர்தி வந்து என்னையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டது.

வீடு திரும்பியபின் பலர் ஆறுதல் கூறினர். என் தந்தையார் மட்டும் ஆறுதல் கூறவில்லை. கெடா மாநிலத்துத் தோட்டமொன்றில் முப்பத்தைந்து ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர் அவர். அப்போது அவருக்கு வயது எழுபத்தாறு. தாழ்வாரத்தில் சாய்த்து வைத்திருந்த என் வண்டியைச் சுற்றி வந்தார். பின்புறத்து வெற்றுக் கூடுகளை விரலால் ஆட்டிப் பார்த்தார்.

“சாப்பாட்ட எங்கய்யா வச்சிருந்தே?”

“இங்கதாம்பா, பின்னால.”

“பின்னாலயா? சாப்பாட்ட யாராச்சும் பின்னால கட்டுவாங்களா? கண்ணுக்கு முன்னால இருந்தாதான் வாய்க்கு வரும்.”

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அந்தச் சொற்களில் எனக்கு வேறொரு மிதிவண்டி தெரிந்தது. விடியுமுன் லயத்தின் வாசலில் நிற்கும் கறுப்பு மிதிவண்டி. பின்தாங்கியில் பால்வாளிகள். கைப்பிடியில் தூக்குச்சட்டி. மேல்கம்பியோடு வரக்கோப்பிப் போத்தல். அதைப் பழைய டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் நாடாவால் இறுக்கிக் கட்டியிருப்பார். மரத்தில் பால் நன்றாக ஓடுவது விடியற்காலையில்தான். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். ஆதலால் இருட்டிலேயே, நெற்றி விளக்கோடு, வேர்களும் கற்களும் நிறைந்த மேட்டுப் பாதையில் அவ்வண்டி போகும். வாளிகள் குதிக்கும், தூக்குச்சட்டி ஆடும், ஆனால் எதுவும் விழுந்ததாக நான் கேட்டதில்லை.

அம்மா அத்தூக்குச்சட்டியில் கோதுமை மாவு ரொட்டி நான்கு வைத்துக் கொடுப்பார். நண்பகல் கடந்து, பால் நிறுத்துவிட்டு அப்பா திரும்பும்போது அதில் இரண்டு ரொட்டி இருக்கும். பள்ளி முடிந்து வந்து படியில் காத்திருக்கும் எனக்கு அது நாள்தோறும் கிடைக்கும் விருந்து. ரப்பர்ப் பாலின் புளித்த வாடையும் கோப்பி மணமும் கலந்த அந்த ரொட்டியின் சுவை இன்றும் நாவில் இருக்கிறது. அப்பாவுக்குப் பசி குறைவு என்றுதான் அன்று எண்ணினேன். பிள்ளைகள் எளிதாக நம்பிவிடும் செய்திகளில் அதுவும் ஒன்று.

வெறும் வயிற்றோடு வெயிலில் உழைப்பது எப்படி இருக்கும் என்பது லங்காவிச் சாலையில்தான் எனக்குத் தெரிந்தது. அது ஒரு நாள், விளையாட்டு, தோற்றால் ஊர்தி வந்து ஏற்றிக்கொள்ளும். அவருக்கு அது நாள்தோறும் நடந்தது.

மறு ஆண்டு மீண்டும் போட்டியிட முடிவு செய்தேன். இம்முறை கால்களைவிட ஆற்றுணாவுக்கே மிகுதியாகப் பயிற்சி கொடுத்தேன் என்றால் மிகையாகாது. ஞாயிறுதோறும் நான்கைந்து மணி நேரம் ஓட்டும்போது, போட்டியில் உண்ணப்போவதையே உண்டு குடலைப் பழக்கினேன். கால்களைப்போலவே குடலும் பயிற்சியால் பழகும். கடிகாரத்தில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மணி ஒலிக்கச் செய்தேன். ஒவ்வொரு மணிக்கும் 20 கிராம். ஒரு மணி நேரத்துக்கு 60. பசித்தாலும் பசிக்காவிட்டாலும் வாய் அசைய வேண்டும்.

இங்கே தமிழாசிரியனுக்கு ஓர் இடர்ப்பாடு எழுந்தது. திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரம் முன்னுண்டது செரித்தபின், நன்கு பசித்தபின் உண்ணுமாறு அறிவுறுத்துகிறது. போட்டியோ பசிக்குமுன் உண்ணச் சொல்கிறது. வள்ளுவரோடு முரண்படுகிறோமா என்று சில நாள் எண்ணிக்கொண்டே ஓட்டினேன். பின்பு தெளிவு பிறந்தது. கடும் உழைப்பின்போது இரத்தம் தசைகளை நோக்கிப் பாய, வயிறு தன் குரலைத் தாழ்த்திக்கொள்கிறது. பசி இல்லை என்பது அங்கே உண்மைச் செய்தி அன்று. அதே அதிகாரம், செரிக்கும் தீயின் அளவறியாது பெரிதும் உண்பவனை நோய் பற்றும் என்றும் எச்சரிக்கிறது. மணிக்கு அறுபது கிராம் என்னும் வரம்பு அந்தத் தீயின் அளவன்றி வேறென்ன? அளவறிதல்தான் அவ்வதிகாரத்தின் உயிர். அதனை நான் மீறவில்லை.

அடுத்து, இடம். இருக்கைக்குப் பின்னால் உணவு இல்லை. அங்கே பழுதுபார்க்கும் கருவிப்பை மட்டும். முன்கைகளுக்கு நடுவே ஒரு போத்தல், சட்டத்தில் இரண்டு. எதிலும் முழு உணவையும் ஒன்றாகச் சேர்க்கவில்லை. ஒன்று விழுந்தால் மற்றது காக்கும்படி பிரித்து வைத்தேன். அப்பா பழைய டியூபை வெட்டி நாடாக்கள் செய்து கொடுத்தார். போத்தலைக் கவ்வியிருக்கும் கூட்டைச் சுற்றி அவரே அதனைக் கட்டினார். ஒரு கையால் இழுத்தால் போத்தல் வர வேண்டும். வண்டி குதித்தால் வரக்கூடாது. அந்த இறுக்கத்தை விரலால் சுண்டிச் சுண்டிப் பார்த்து முடிவு செய்தார். எந்த நூலிலும் அதற்கு அளவு எழுதியிருக்கவில்லை.

தித்திப்பு குமட்டியது என்றேன் அல்லவா? அதற்கு என் மனைவி வழி சொன்னார். “புளிச்சோறு உருண்டை பிடிச்சுத் தரவாங்க? வழிப்பயணத்துக்குக் கெடாது” என்றார். தொண்ணூறு கிராம் சோற்றில் ஏறத்தாழ 25 கிராம் மாவுச்சத்து, உப்பும் உண்டு. எண்ணெயைக் குறைத்து, ஒரே வாயில் அடங்கும்படி பாதி பாதியாகப் பிடித்து, தாளில் சுற்றினார். நான்கு உருண்டை, எட்டுப் பாகுப் பொட்டலம், எஞ்சியது போத்தல்களில் கரைத்த சர்க்கரையும் உப்பும். கூட்டிப் பார்த்தால் 420 கிராம். பென்டோ பெட்டிக்குள் புளிச்சோறு புகுந்தது.

2019ஆம் ஆண்டுப் போட்டிக்கு அப்பாவும் உடன் வந்தார். கோலக்கெடாவில் படகேறும்போதே ஒரு பையில் வரக்கோப்பிப் போத்தலை எடுத்துக்கொண்டார். வெளியார் எவரும் போட்டியாளருக்கு உணவோ நீரோ கொடுக்கக்கூடாது என்பது விதி. அதை விளக்கிச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

அன்று மணி ஒலிக்கும்போதெல்லாம் உண்டேன். நீண்ட ஏற்றங்களில் வயிறு கனத்தபோது தண்ணீரை மட்டும் சிறிது பருகிவிட்டு, இறக்கத்தில் உண்டேன். நிலையங்களில் உப்புச்சத்துப் பானம் வாங்கிப் போத்தலை நிரப்பினேன். வாழைப்பழம் கொடுத்தபோது வேண்டாம் என்று சொல்லவில்லை. பாடாங் மாட்சிராட் பக்கத்துச் சாலையில் என் மனைவியும் அப்பாவும் நின்றிருந்தார்கள். சயாமியப் படை வந்தபோது, பகைவர் கையில் சிக்கக்கூடாதென்று ஊரார் நெல்லைக் குவித்து எரித்ததாகச் சொல்லும் கதைக்குரிய ஊர் அது. அப்பா கோப்பிப் போத்தலை உயர்த்திக் காட்டினார்; நீட்டவில்லை. நான் என் வண்டியிலிருந்த போத்தலைத் தொட்டுக் காட்டினேன். அவர் தலையசைத்தார். சென்ற ஆண்டு உட்கார்ந்த ஏற்றத்தை அதன்பின் கடந்தேன். அந்தப் புல்லைத் திரும்பிப் பார்க்க நேரமில்லை, மணி ஒலித்தது.

மிதிவண்டிப் பகுதி ஏழு மணி இருபது நிமிடத்தில் முடிந்தது. அதன்பின் ஓட்டம், அது பாதி நடையாகவே முடிந்தது. இரவு பதினொரு மணியளவில் கோட்டைத் தொட்டேன். கழுத்தில் பதக்கம் போட்டார்கள். வண்டியைத் திரும்பப் பெற்று, அப்பா அமர்ந்திருந்த நெகிழி நாற்காலிக்கு அருகில் நிறுத்தினேன். முன்பெட்டியைத் திறந்தபோது ஒரு புளிச்சோற்று உருண்டை மிஞ்சியிருந்தது. வாழைப்பழம் அதன் இடத்தை எடுத்துக்கொண்டது போலும்.

அப்பா அதை வாங்கி முகர்ந்து பார்த்தார். கெடவில்லை.

“ஏன்யா மிச்சம் கொண்டாந்தே? வழிக்குக் கட்டுனத வழியிலேயே தின்னு முடிக்கணும்” என்றார்.

நாற்பதாண்டுகளாகக் கேளாத கேள்வியைக் கேட்க அப்போது எனக்கு வாய் வந்தது.

“அப்போ நீங்க ஏம்பா தினமும் ரெண்டு ரொட்டிய மிச்சம் கொண்டாந்தீங்க?”

அவர் உடனே விடை சொல்லவில்லை. தாளைப் பிரித்து உருண்டையை இரண்டாகப் பிட்டார். ஒரு பாதியை என் கையில் வைத்தார்.

“அது மிச்சம் இல்லய்யா. அது உனக்குக் கட்டுனது. நான் சும்மா தூக்கிட்டுப் போய்த் தூக்கிட்டு வந்தேன்.”

நாங்கள் இருவரும் அதை உண்டோம். மீதமிருந்த வரக்கோப்பியையும் குடித்தோம். போட்டி முடிந்துவிட்டதால் விதி எதுவும் தடுக்கவில்லை.

பள்ளி திறந்ததும் அதே பாடல் வந்தது. கற்றவர் செல்லும் வழிக்கு ஆற்றுணா வேண்டாம் என்பதை மாணவர்க்கு முன்போலவே சொன்னேன், அது பொய்யாகிவிடவில்லை. ஆனால் இம்முறை ஒன்றைச் சேர்த்துச் சொன்னேன். கற்று முடிக்கும் நாள் வரையிலும் அவனுடைய ஆற்றுணாவை வேறொருவர் சுமந்திருப்பார். உங்கள் உணவுப் பெட்டியை இன்று காலையில் கட்டிக் கொடுத்தவர் யார், அவர் உண்டாரா என்று வீட்டுக்குப் போய்க் கேட்டு வாருங்கள் என்றேன். மறுநாள் வகுப்பில் சிலர் விடை சொன்னார்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் இருந்தார்கள். அவர்களும் கேட்டிருக்கிறார்கள் என்று அறிந்துகொண்டேன்.